இரண்டு லாரன்ஸ்பர்க்: வடிசாலையின் சொந்த போர்பனும் வாங்கி அடைத்த போர்பனும்

முதலில் கேள்வி. நண்பர் ஒருவர் கடையில் போர்பன், அதாவது அமெரிக்க மக்காச்சோள விஸ்கி, பாட்டில்கள் இரண்டுக்கு முன்னால் நின்றபடி கேட்டது இது: "ஒன்று ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல், அதாவது ஒரே பீப்பாயிலிருந்து அடைத்தது. வடித்தவர்களே அடைத்து விற்கிறார்கள். இன்னொன்றை வெளியிட்ட நிறுவனத்துக்குச் சொந்த வடிசாலையே கிடையாது. பின்பக்கம் சிறிய எழுத்தில் 'இந்தியானாவில் வடிக்கப்பட்டது' என்று இருக்கிறது. தானியக் கலவை 60 சதவீதம் மக்காச்சோளம், 36 சதவீதம் ரை என்ற தானியம். எட்டு வயது, 115 புரூஃப், அதாவது 57.5 சதவீதம் ஆல்கஹால், விலை ஏறத்தாழ இரு மடங்கு. அடுத்தவர் வடித்ததை வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்பது ஏமாற்று வேலைதானே? எதை வாங்குவது?"

ஏமாற்று வேலை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட முடியாது. எங்கே வடித்தது, என்ன தானியம், என்ன வயது என்று மூன்றையும் அந்த நிறுவனம் லேபிளிலேயே எழுதியிருக்கிறது; மறைக்கவில்லை. சுவையைப் பற்றிக் கேட்டால், இரண்டு வேறு திறமைகளை அருகருகே வைத்துப் பார்க்கிறீர்கள் என்பேன். வடிசாலை தன் பெயரில் விற்பது அதன் கைப்பக்குவத்தை. வாங்கி அடைக்கும் சுயேச்சை நிறுவனம் விற்பது அதன் தேர்வை. வீட்டில் சமைப்பவரின் கைமணம் ஒன்று. சந்தையில் கூடை கூடையாக மாம்பழத்தை மோந்து பார்த்து நல்லதைப் பொறுக்கி எடுப்பவரின் மூக்கு இன்னொன்று. இரண்டுக்கும் காசு கொடுக்கலாம். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

உங்கள் கையில் சிக்கிய இரண்டு பாட்டில்களும் இதைப் புரிந்துகொள்ள மிக நல்ல ஜோடி. நீங்கள் தேடிப் பிடித்தாலும் இப்படி ஒரு ஜோடி எளிதில் கிடைக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் விஸ்கிக்குப் பேர்போன லாரன்ஸ்பர்க்குகள் இரண்டு. ஒன்று கென்டக்கியில், ஃபோர் ரோசஸ் வடிசாலை அங்கேதான் இருக்கிறது. மற்றொன்று இந்தியானாவில், ஒஹாயோ ஆற்றங்கரையில், சின்சினாட்டிக்குப் பக்கத்தில். காரில் போனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இந்த இரண்டு ஆலைகளும் பல பத்தாண்டுகள் ஒரே முதலாளியிடம் இருந்தன: கனடாவின் சீகிராம். இந்தியானா ஆலை 1933-லும் ஃபோர் ரோசஸ் 1943-லும் சீகிராமின் கைக்கு வந்தன. 2000-ஐ ஒட்டி சீகிராமின் மதுத் தொழில் துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்பட்டபோது ஃபோர் ரோசஸ் 2002-ல் ஜப்பானின் கிரின் நிறுவனத்துக்குப் போனது. இந்தியானா ஆலை கை மாறிக் கை மாறி 2011-ல் எம்.ஜி.பி. என்ற நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. 2021 முதல் அந்த ஆலைக்கு ராஸ் அண்ட் ஸ்க்விப் என்று பெயர். ஆனால் விஸ்கிக்காரர்கள் இன்னும் எம்.ஜி.பி. என்றே சொல்கிறார்கள்.

ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பிகள் என்பது இவற்றின் தானியக் கணக்கிலேயே தெரியும். ஃபோர் ரோசஸின் இரண்டு கலவைகளில் ரை அதிகமுள்ளது 60 சதவீதம் மக்காச்சோளம், 35 சதவீதம் ரை, 5 சதவீதம் முளைகட்டிய பார்லி. எம்.ஜி.பி.யின் ரை அதிகமுள்ள போர்பன் 60, 36, 4. மற்றக் கலவைகளும் இதே போல: அங்கே 75, 20, 5, இங்கே 75, 21, 4. நீங்கள் கேட்ட ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல், ரை அதிகமுள்ள கலவையிலிருந்து வருவது. ஆக உங்கள் இரண்டு பாட்டில்களிலும் தானியம் கிட்டத்தட்ட ஒன்றே. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் என்றால் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாய், பீப்பாயில் ஊற்றும்போது 125 புரூஃபுக்கு மேல் போகாத வலு. இதுவும் இரண்டுக்கும் பொது. 'ஸ்ட்ரெய்ட்' என்ற சொல் இருந்தால் குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில் இருந்தது. நிறமோ மணமோ சேர்க்கவில்லை.

அப்படியானால் எது இவற்றைப் பிரிக்கிறது? முதலில் ஈஸ்ட். போர்பன் குடிப்பவர்கள் பீப்பாயைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், ஈஸ்டை மறந்துவிடுவார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. ஃபோர் ரோசஸ் சீகிராம் காலத்திலிருந்து ஐந்து ஈஸ்ட் வகைகளைக் கட்டிக் காத்து வருகிறது. இரண்டு தானியக் கலவை, ஐந்து ஈஸ்ட். பெருக்கினால் பத்து விஸ்கிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கெழுத்துக் குறியீடு உண்டு. சிங்கிள் பேரல் பாட்டிலில் இருப்பது ஓ.பி.எஸ்.வி. இதில் 'பி' ரை அதிகமுள்ள தானியக் கலவையையும், 'வி' மென்மையான பழ மணம் தரும் ஈஸ்டையும் குறிக்கின்றன. அதே தானியத்தில் 'க்யூ' ஈஸ்டைப் போட்டால் பூ மணம் முன்னுக்கு வரும். 'எஃப்' போட்டால் பச்சிலை வாசம். தோசை மாவு எந்த வீட்டில் புளித்தது என்பதை நாக்கு கண்டுபிடிப்பதைப் போலத்தான் இது.

அடுத்தது கிடங்கு. கென்டக்கியில் பல மாடிக் கிடங்குகள்தான் வழக்கம். வெயில் காலத்தில் மேல் மாடி கொதிக்கும். அங்கே பீப்பாயிலிருந்து ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறி வலு ஏறிக்கொண்டே போகும். கீழ்த் தளத்தில் குளிர்ச்சி. அதே விஸ்கி நிதானமாக முதிரும். ஃபோர் ரோசஸ் இந்த ஏற்றத்தாழ்வு வேண்டாம் என்று ஒரே தளம் கொண்ட கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பாட்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற வடிசாலையின் பிடிவாதம் அது. இந்தியானா ஆலையின் கிடங்குகள் பல மாடிச் செங்கல் கட்டடங்கள். அங்கிருந்து வாங்குகிறவருக்கு மேல் மாடிப் பீப்பாயும் கிடைக்கும், கீழ் மாடிப் பீப்பாயும் கிடைக்கும். அதிலும் வாங்கிய பீப்பாய்களை இந்தியானாவிலேயே விட்டுவைத்தாரா, தன் ஊர்க் கிடங்குக்குக் கொண்டுபோய் இன்னும் சில வருடம் வைத்தாரா என்று பார்க்க வேண்டும். ஊர் மாறினால் வெயிலும் ஈரமும் மாறுகின்றன, விஸ்கியும் மாறுகிறது.

இந்த இடத்தில்தான் சுயேச்சை நிறுவனத்தின் வேலை தொடங்குகிறது. ஐம்பது பீப்பாய்களின் மாதிரி வந்து மேசையில் நிற்கும். எல்லாம் ஒரே நாளில் வடித்தவையாகக்கூட இருக்கும். ஒன்றில் பாகு கமழும், அடுத்ததில் மரக் கசப்பு தூக்கலாக இருக்கும், மூன்றாவதில் ஒன்றுமே இருக்காது. எதை எடுப்பது, எதை விடுவது, எதை எதோடு கலப்பது, எத்தனை புரூஃபில் அடைப்பது, குளிரவைத்து வடிகட்டலாமா வேண்டாமா; இவைதான் அவர்கள் எடுக்கும் முடிவுகள். லூயிவில் நகரிலிருந்து 2013 முதல் இயங்கும் பேரல் கிராஃப்ட் ஸ்பிரிட்ஸ் இதையே தன் முழு அடையாளமாக வைத்திருக்கிறது: இந்தியானா, கென்டக்கி, டென்னசி மூன்றிலிருந்தும் வாங்கிக் கலந்து, பெரும்பாலும் தண்ணீர் சேர்க்காமல் பீப்பாய் வலுவிலேயே அடைப்பது. கென்டக்கிப் பெருவடிசாலை ஒன்று இப்படிச் செய்யாது; அதற்குத் தன் வீட்டு விஸ்கி இருக்கிறது, அதன் சுவையை வருடா வருடம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. சுயேச்சைக்காரருக்கு அந்தக் கட்டு இல்லை. நேற்று அடைத்ததைப் போல இன்று இருக்க வேண்டியதில்லை. அதுவே அவர்களின் பலம். அதுவே நீங்கள் எடுக்கும் துணிவும்கூட. இந்த வருடம் பிடித்தது என்று அடுத்த வருடம் அதே பெயரில் வாங்கினால் வேறொன்று வரலாம்.

"நல்ல பீப்பாய்களை வடிசாலை தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தானே விற்கும்?" என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. சில இடங்களில் அது சரி. எம்.ஜி.பி. விஷயத்தில் பெரும்பாலும் சரியல்ல. பிற நிறுவனங்களுக்கு விஸ்கி வடித்துக் கொடுப்பதே அந்த ஆலையின் பிழைப்பாக நெடுங்காலம் இருந்தது. நல்லதை ஒதுக்கி வைத்துக்கொள்ளப் பெரிய சொந்தப் பெயரே அதற்கு அப்போது கிடையாது. புதிதாகத் தொடங்கும் வடிசாலைகளுக்கும் இதுதான் கைகொடுத்தது. தான் வடித்தது நாலு வருடம் முதிரும்வரை சம்பளம் கொடுக்க வேண்டுமே! யூட்டாவின் ஹை வெஸ்ட், மேற்கு வர்ஜீனியாவின் ஸ்மூத் ஆம்ப்ளர் போன்றவை இந்தியானா விஸ்கியை வாங்கி அடைத்துத்தான் பெயர் வாங்கின.

வேறு வடிசாலைகளிலிருந்து வரும் பீப்பாய்களில் அந்தந்த ஊர் முத்திரை அப்படியே இருக்கும். டென்னசியின் டல்லஹோமாவில் ஜார்ஜ் டிக்கல் வடிக்கும் விஸ்கியில் 84 சதவீதம் மக்காச்சோளம். கடித்துத் தின்னும் விட்டமின் மாத்திரையின் வாசனை ஒன்று அதில் மெல்ல வரும். லேபிளில் 'டென்னசியில் வடிக்கப்பட்டது' என்று மட்டும் போட்டு, வடிசாலையின் பெயரைச் சொல்லாத பாட்டில்கள் ஏராளம். மூடியைத் திறந்ததும் அந்த மாத்திரை வாசம் எழுந்தால் நான் டிக்கலைத்தான் முதலில் நினைப்பேன். பெயர் சொல்லாமல் விடுவதற்குப் பெரும்பாலும் விற்பனை ஒப்பந்தம்தான் காரணம். பீப்பாயை விற்கும் வடிசாலை தன் பெயரைப் போடக் கூடாது என்று எழுதி வாங்கிவிடும். ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே வாங்கி அடைக்கும் நிறுவனங்களான கேடன்ஹெட் 1842-லும் கார்டன் அண்ட் மெக்ஃபெயில் 1895-லும் தொடங்கியவை. வடிசாலையின் பெயரையும் தன் பெயரையும் ஒரே லேபிளில் பெருமையாகப் போடும் மரபு அங்கே ஊறிப்போயிருக்கிறது. அமெரிக்காவில் அந்த மரபு இப்போதுதான் வேர் பிடிக்கிறது. அது வளர வேண்டும் என்பது என் ஆசை.

போர்பன் வரலாற்றில் வாங்கி அடைப்பது இழிவான தொழிலாக இருந்ததில்லை. 1870-ல் ஜார்ஜ் கார்வின் பிரவுன், மூடி முத்திரையிட்ட பாட்டிலில் மட்டுமே விற்ற ஓல்ட் ஃபாரஸ்டர் போர்பனைக் கொண்டுவந்தபோது அவரிடம் வடிசாலை இல்லை. மூன்று வடிசாலைகளிடம் வாங்கிக் கலந்தார். இன்று வானளாவிய விலை போகும் பேப்பி வான் விங்கிள் போர்பனின் புகழும் பெரும் பங்கு அப்படி வந்ததே: 1992-ல் மூடப்பட்ட ஸ்டிட்ஸல் வெல்லர் போன்ற இடங்களின் பழைய பீப்பாய்களைத் தேடி வாங்கி, பொறுமையாக வைத்திருந்து அடைத்தார்கள்.

எல்லாவற்றையும்விட கென்டக்கியின் பார்ட்ஸ்டவுனிலுள்ள வில்லெட்டின் கதை இந்தக் கேள்விக்கு நெருக்கமானது. 1936-ல் தொடங்கிய குடும்ப வடிசாலை. 1980-களின் தொடக்கத்தில் வடிப்பது நின்றுபோனது. 1984-ல் வீட்டு மருமகன் ஈவன் குல்ஸ்வீன் அதை வாங்கினார். வடிப்பதற்கு வழியில்லை, கிடங்கு இருந்தது, மூக்கு இருந்தது. மற்றவர்களின் பீப்பாய்களை வாங்கி, தன் கிடங்கில் வைத்து, பொறுக்கி அடைத்தார். அந்தக் காலத்து வில்லெட் ஃபேமிலி எஸ்டேட் பாட்டில்களை ஏலங்களில் இன்று போட்டி போட்டு வாங்குகிறார்கள். 2012-ல் மறுபடியும் சொந்தமாக வடிக்கத் தொடங்கினார்கள். ஆக ஒரே குடும்பம், ஒரே பெயர். முன்பு வாங்கி அடைத்தது, இப்போது தானே வடித்தது. முன்னதில் முதிர்ந்த ஓக், பழைய தோல், உலர்ந்த செர்ரி. பின்னதில் இளமை, தேன், ரையின் காரம், ஒரு பளிச்சென்ற பழ மணம். 'வில்லெட் நல்லதா' என்று யாராவது கேட்டால் எந்த வில்லெட் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு இப்போதைய சொந்த வடிப்பு மனதுக்கு நெருக்கம். அதில் ஒரு வீட்டின் குரல் கேட்கிறது. முன்னதில் கேட்டது பல வீடுகளின் குரல், ஒருவரின் காது வழியாக.

இனி லேபிளுக்கு வருவோம். உங்கள் 'ஏமாற்று' என்ற சொல்லுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. பாட்டிலைத் திருப்பிப் பிடியுங்கள். 'வடித்தவர்' என்று இருக்கிறதா, 'அடைத்தவர்' என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 'உற்பத்தி செய்தவர்' என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது வடித்ததற்குச் சான்று அல்ல. நிறுவனத்தின் முகவரி உள்ள மாநிலமும் வடித்த மாநிலமும் வேறு என்றால் வடித்த மாநிலத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஐயோவாவின் டெம்பிள்டன் ரை என்ற விஸ்கி நிறுவனம், தன் ஊர்ப் பழங்கதையை முன்னே வைத்து விற்றது இந்தியானா விஸ்கியை. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் சமரசமாகி, இந்தியானாவில் வடித்தது என்பது லேபிளில் ஏறியது. 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்ற சொற்கள் இருந்தால் வேலை இன்னும் சுலபம். 1897-ம் ஆண்டுச் சட்டம் அது: ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசு கண்காணிப்பிலுள்ள கிடங்கில் குறைந்தது நாலு வருடம், சரியாக 100 புரூஃப். வடித்த ஆலையின் பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். கென்டக்கி 113 என்றால் பஃபலோ டிரேஸ், கென்டக்கி 1 என்றால் ஹெவன் ஹில்லின் லூயிவில் ஆலை. கதையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எண்ணை மாற்றி எழுத முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வருடங்களுக்கு முன் ஒரு பாட்டில் வாங்கினேன். முன்பக்கம் செப்புப் பானையின் படம், தாத்தாவின் தாத்தா ஓடைக்கரையில் வடித்த கதை, கையால் எழுதியது போன்ற எழுத்து. வீட்டுக்கு வந்து பின்பக்கத்தை வெளிச்சத்தில் வைத்துப் படித்தால், எறும்பு எழுத்தில் வேறு மாநிலத்தின் பெயர். விஸ்கி நன்றாகவே இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வாயிலும் எனக்குக் கோபம் வந்தது. நல்ல விஸ்கியை வடித்த யாரோ சிலரின் உழைப்பை, இல்லாத ஒரு தாத்தாவுக்குத் தாரை வார்த்துவிட்டார்களே என்ற கோபம். அன்றிலிருந்து நான் பாட்டிலின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சரி, எப்படி ஒப்பிடுவது? உங்கள் இரண்டு பாட்டில்களில் ஒன்று 100 புரூஃப், மற்றது 115. அப்படியே ஊற்றிக் குடித்தால் வலு அதிகமுள்ளது எப்போதும் ஜெயிக்கும். நாக்கு வலுவைச் சுவை என்று எடுத்துக்கொள்ளும். 115 புரூஃப் விஸ்கி 30 மில்லிக்கு ஒரு சின்னக் கரண்டி, அதாவது ஐந்து மில்லிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்த்தால் 100-க்கு வந்துவிடும். பத்து நிமிடம் விடுங்கள். இரண்டு ஒரே மாதிரிக் குவளை, ஐஸ் வேண்டாம், எது எது என்று தெரியாமல் வேறு யாராவது ஊற்றித் தரட்டும்.

நான் இதே போன்ற ஜோடியை வைத்து ஒரு மாலை உட்கார்ந்தேன். தண்ணீர் சேர்க்காதபோது இந்தியானா விஸ்கி பெரிதாக இருந்தது: பட்டை, கிராம்பு, முறுகிய வெல்லப் பாகு. தண்ணீர் சேர்த்த பிறகு பாகு பின்வாங்கி, ரையின் காரமும் லேசான புதினாவும் முன்னே வந்தன; கடைசியில் மரத்தின் துவர்ப்பு, கொட்டைப் பாக்கை மென்றுவிட்டுத் துப்பிய பிறகு வாயில் நிற்பது போல. ஃபோர் ரோசஸ் முதலிலிருந்தே அடக்கம். பழுத்த பேரிக்காய், தேன், பிறகு அதே பட்டை. ஆனால் ஒன்றையொன்று முந்தாமல் வரிசையாக. இருபது நிமிடம் கழித்து இரண்டு காலிக் குவளைகளையும் மோந்தேன். இந்தியானாவில் மரமும் கருகிய சர்க்கரையும் நின்றன. ஃபோர் ரோசஸில் பழம் இன்னும் போகவில்லை. தானியம் ஒன்று, ஓக் ஒன்று. மிச்சமிருந்த அந்தப் பழம் ஈஸ்டின் வேலை என்று எனக்குத் தோன்றியது. எழுந்து போகவே மனம் வரவில்லை.

விலையைப் பற்றி. ஒரு போர்பன் பீப்பாய் ஏறத்தாழ 200 லிட்டர். கென்டக்கி, இந்தியானா வெயிலில் வருடந்தோறும் ஒரு பங்கு ஆவியாகிவிடும். எட்டு வருடத்தில் பீப்பாய்க்கு 150 முதல் 200 பாட்டில் தேறினால் சரி. வடிசாலைக்குப் பீப்பாயின் அடக்க விலைதான் செலவு. சுயேச்சை நிறுவனம் முதிர்ந்த பீப்பாயைச் சந்தை விலைக்கு வாங்கி, அதன்மேல் தன் லாபத்தை வைக்கிறது. அதனால் அதே தரத்துக்கு அவர்கள் பாட்டில் விலை கூடத்தான் இருக்கும். 115 புரூஃப் என்பதால் அதே அளவு பாட்டிலில் உங்களுக்கு 15 சதவீதம் கூடுதல் ஆல்கஹால் கிடைக்கிறது என்பதைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேலுள்ளது தேர்வுக்கான கூலி. அந்தக் கூலியை நான் மகிழ்ச்சியோடு கொடுப்பது, வடிசாலை தன் பெயரில் விற்காத ஒன்றை அவர்கள் கண்டெடுத்துத் தரும்போது: அரிதான வயது, பீப்பாய் வலு, இரண்டு மூன்று ஊர் விஸ்கிகள் சேர்ந்து புதிதாகப் பேசும் ஒரு கலவை.

உங்கள் கடைக்கு வருகிறேன். வீட்டில் போர்பன் இதுவரை அதிகம் இல்லையென்றால் ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரலை வாங்குங்கள். அந்த விலைக்கு ஒரு வடிசாலையின் முழுக் கைப்பக்குவம் கிடைக்கிறது. அடுத்த வருடமும் அதே பெயரில் ஏறத்தாழ அதே சுவை கிடைக்கும். அதை ஏற்கெனவே நன்றாகப் பழகியிருந்தால் இந்தியானா பாட்டிலை எடுங்கள்; மூலத்தை மறைக்காதவர்கள், எட்டு வயது, கையில் உள்ள ஃபோர் ரோசஸோடு வைத்துப் பார்க்கச் சரியான துணை. ஆனால் எடுப்பதற்கு முன் பின்பக்கத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: பீப்பாய் எண்ணோ தொகுதி எண்ணோ போட்டிருக்கிறார்களா என்று. போட்டிருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துப்போனால் மறுபடி போய்க் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.